அடிஷம் பங்களா: வீட்டுக்கு அரை மணி, வளவுக்கு அரை நாள்

அப்புத்தளை அடிஷம் பங்களாவுக்குப் போக நினைத்தால் முதலில் கலண்டரைப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டின அந்த மாளிகை இன்றைக்குப் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வாழும் மடம். சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறைக் காலம், இவ்வளவுக்குத்தான் வெளியாட்களுக்குக் கேற் திறக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகுட்டியோடு போய், பூட்டின கேற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பின குடும்பம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நாள் பொருந்தினாலும் புறப்படும் முன் அப்புத்தளையில் யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்காரர் சேர்ந்து வருடா வருடம் ஒரு பயணம் போவது வழக்கம். வேன் பேசுவது, காசு சேர்ப்பது, யாருக்கு முன்சீற், யாருக்குச் சத்தி வரும் என்ற கணக்கு எல்லாம் என் தலையில். கதிர்காமம், நுவரெலியா என்று போய்ப் பழகின கூட்டத்திடம் அடிஷம் என்றதும் பக்கத்து வளவு மச்சாள் கேட்டா: “ஒரு வீட்டப் பாக்க இவ்வளவு தூரம் போறதா மச்சான்? இஞ்ச வீடு இல்லாமயா கிடக்கு?”

நியாயமான கேள்விதான். வீட்டை மட்டும் பார்க்கப் போனால் அந்தத் தூரத்துக்கு அது காணாது. வெளியாட்களுக்குத் திறந்திருப்பது முன்மண்டபமும் நூலக அறையும்தான். மிச்சமெல்லாம் துறவிகள் புழங்கும் இடம். மெதுவாகப் பார்த்தாலும் அரை மணிக்கு மேல் எடுக்காது. வளவு பத்து ஏக்கர். அதைச் சுற்றித் தங்கமலைக் காடு. காலையில் போய் மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருக்கிற மாதிரித் திட்டம் போட்டால்தான் போன காசுக்குப் பெறுமதி. வேன்காரர்களுக்கு இது பிடிக்காது. ‘அடிஷம், எல்ல, நைன் ஆர்ச், ராவணா எல்ல, எல்லாம் ஒரே நாளில் காட்டுறன்’ என்பார்கள். மறுத்துவிடுங்கள்.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிட்டின வழி செங்கலடியில் திரும்பி கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. இந்த ஏ5 வீதி பேராதனையில் தொடங்கிச் செங்கலடிச் சந்தியில் முடிகிறது. தினமும் அந்தச் சந்தியைத் தாண்டிப் போகிற நம்மில் பலருக்கு, அதில் திரும்பி நேரே போனால் தேயிலை மலை வரும் என்ற நினைப்பு வருவதில்லை. பதுளையிலிருந்து ஹாலிஎல, பண்டாரவளை வழியாக அப்புத்தளை. நின்று நின்று போனால் ஐந்தாறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியச் சாமம் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டு அன்றைக்கே திரும்பி வரலாம் என்று சில பேர் சொன்னார்கள். புல்லுமலைப் பக்கம் இருட்டில் யானை நிற்கும் பாதை அது. வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டு, பின்னேரம் பண்டாரவளையில் தங்கி, அடுத்த நாள் காலை அடிஷம் என்று வைத்தோம். வயதானவர்கள் வருகிற பயணத்துக்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளில் போய் வருகிறவர்கள் பங்களாவைப் பார்ப்பதே இல்லை; முற்றத்தில் நின்று படம் பிடித்துவிட்டு வேனில் ஏறி நித்திரை கொள்கிறார்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பிட்டும் மாசிச் சம்பலும் மகாஓயா வரைக்கும் நல்லாய்த் தாங்கும். மகாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது; கால் கழுவிக்கொண்டு அங்கேயே சாப்பிடலாம். லுணுகலை தாண்டி வளைவுகள் தொடங்கும் முன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. சத்தி வருகிறவர்களுக்குத் தேசிக்காயும் பொலித்தீன் பையும் சீற் பொக்கற்றில் இருக்கட்டும். அதற்கு மேல் மருந்து வேண்டுமென்றால் டொக்டரைக் கேளுங்கள். வழியில் டொயிலற் கேட்டு நாங்கள் நின்ற ஒரு சாப்பாட்டுக் கடையில், சாப்பிட்டால்தான் திறப்புத் தருவோம் என்றார்கள். பெண்பிள்ளைகள் அவதிப்பட்டார்கள். அதற்குப் பிறகு எரிபொருள் நிலையங்களில்தான் நிற்பாட்டுகிறோம்.

வேனிலேயே கதையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கொள்கை. அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் பாதிப்பேர் சேலையைச் சரிசெய்வார்கள், மிச்சப்பேர் போனில் இருப்பார்கள். லுணுகலை வளைவில் யாரும் எங்கேயும் ஓட முடியாது. அங்கே சொன்னேன்.

தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரன் 1887 இல், பதினெட்டு வயதில், இலங்கைக்கு வந்தான். சட்டைப்பையில் பத்துப் பவுண்தான் இருந்தது என்று சொல்வார்கள். ஆனால் ஆள் ஏழைவீட்டுப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகி, பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனிக்குத் தலைவராகி, சட்டசபையிலும் இருந்து, ஓய்வுக் காலத்துக்கென்று கட்டினதுதான் இந்த மாளிகை. 1931 இல் முடிந்தது. இங்கிலாந்தில் கென்ற் மாகாணத்தில் அடிஷம் என்ற ஊரில் அவருடைய தகப்பன் பாதிரியாராக இருந்தவர். அந்த ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். அதே மாகாணத்து லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டினது என்பார்கள். தடித்த கருங்கல் சுவர், கோபுரம் மாதிரி எழும்பின மூலைகள், ஒடுங்கின உயர யன்னல்கள். மரமெல்லாம் பர்மாத் தேக்கு.

இந்த இடத்தில் ஏ.எல். படிக்கிற ஒரு பெட்டை கேட்டாள்: “மாமா, 1931 தானே டொனமூர்?” ஓம். டொனமூர் அரசியல் யாப்பின்படி இந்த நாட்டில் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்து முதல் தேர்தல் நடந்த வருடம். உலக மந்தத்தில் தேயிலை விலை விழுந்து தோட்டத் தொழிலாளியின் கூலியை வெட்டத் தொடங்கின காலமும் அதுதான். மாளிகை அதற்குள்தான் எழும்பியிருக்கிறது. பரீட்சைக்குப் பாடமாக்கின ஆண்டு இப்படி ஒரு கல்லுச்சுவரில் வந்து முட்டினால் பிறகு மறக்காது.

காலை ஒன்பது மணி போலக் கேற்றடியில் நிற்பது நல்லது. அப்புத்தளை மலைமுதுகில் இருக்கும் ஊர், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். தெற்கே சமவெளியில் சூடேறினால் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி ஏறி வரும். வந்துவிட்டால் முன்னால் நிற்கிற வீடே தெரியாது. ரவுணிலிருந்து பங்களா மூன்று கிலோமீற்றர் அளவு. பாதை ஒடுக்கம்; பெரிய பஸ்ஸில் போகிறவர்கள் ரவுணில் இறங்கி ஓட்டோ பிடிக்கிறது சுகம்.

குளிரைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொன்னால் விளங்காது. “காலம்பறக் கொஞ்சம் குளிரும் போல” என்று சால்வையோடு வந்தவர்கள் கேற்றுக்குள்ளேயே நடுங்கினார்கள். சுவெற்றர் இல்லாவிட்டால் உள்ளே ஒரு ரீசேட்டை மேலதிகமாகப் போடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குச் சொக்ஸ் கட்டாயம். வழுக்காத செருப்பும் வேண்டும். வளவில் படிகள் அதிகம், விடியலில் ஈரமாகக் கிடக்கும்.

உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. அது நல்லதற்குத்தான். போனைப் பைக்குள் வைத்துவிட்டால் மனிதர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அறைகள் பெரிதில்லை என்பதால் எல்லாரையும் ஒன்றாக உள்ளே தள்ளாமல் சின்னக் குழுக்களாக அனுப்பினேன். அந்தக் காலத்துத் தளபாடமும் புத்தக அலுமாரிகளும் அப்படியே இருக்கின்றன. எங்களோடு வந்த ஓடாவியார்தான் அதை எப்படிப் பார்ப்பதென்று காட்டினார். மனுசன் கதிரை மேசை ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. யன்னல் நிலையடியில் குந்தி, இரண்டு மரம் சேர்கிற மூலையில் பெருவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நகம் எங்கேயும் தட்டுப்படவில்லை. “மரத்த வெட்டிக் கனகாலம் ஆறப்போட்டுத்தான் இதச் செஞ்சிருக்கான். இல்லாட்டி இந்த மழைக்கும் வெயிலுக்கும் மூலை வாய் விட்டிரிக்கும்” என்றார். பிறகு பையன்கள் எல்லாம் நிலை, கதவு, சுவர்ப்பலகை என்று மூலை மூலையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். தொடவேண்டாம் என்று எழுதியிருக்கும் இடங்களில் தொடாமலே பார்க்கலாம், கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் கூட்டத்தில் ஒரு தொழில் தெரிந்த ஆள் இருந்தால் அவரை முன்னுக்கு விடுங்கள். தையல்காரி திரைச்சீலையைப் பார்ப்பா, மேசன் கல்லைப் பார்ப்பான். ‘பழமை வாய்ந்த அழகிய’ என்று எழுதின பலகையில் அது கிடைக்காது.

வளவுக்கு வந்த பிறகுதான் எங்கள் பயணத்தின் முக்கியமான ஆள் முன்னுக்கு வந்தா. எங்கள் ஒழுங்கையில் ஆயா என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு வயதான மனுசி. அப்புத்தளைக்கு அங்கால ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு இறங்கி வந்தவ. மலையகத்துப் பேச்சு இன்னும் மாறவில்லை. பங்களாவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை, உடனே வெளியே வந்துவிட்டா. ரோசாப் பாத்திக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததும் நேரே போனா.

“என்னங்க தம்பி, கவ்வாத்து இம்புட்டு ஒசரத்துல நிப்பாட்டிட்டீங்க? இன்னும் கீழ எறக்கி வெட்டுனாத்தான தளிரு வரும்?”

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “நீங்க எந்தத் தோட்டம்மா?” என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. எந்தப் பாத்தியில் எந்த மாதம் என்ன பூக்கும், பனி விழுந்தால் எதை மூடிவைப்பது, பழத்தோட்டத்தில் குரங்கு எந்த நேரம் இறங்கும், இந்தப் புல்லை வெட்டாமல் விட்டால் எத்தனை நாளில் பழையபடி காடாகும், எல்லாம் கதையாக வந்தது. தோட்டம் படிப்படியாக இறங்கும் விதத்தைக் காட்டி, மழைத் தண்ணி எந்தப் பக்கம் கழியும் என்றும் சொன்னார். மலைச்சரிவில் தோட்டம் வைப்பதென்றால் பாதி வேலை தண்ணியை வழிநடத்துவது. நம் ஊரில் மணல் உறிஞ்சிவிடும். அங்கே விட்டால் மண்ணையும் வாரிக்கொண்டு போகும்.

தோட்டத்தில் வேலை செய்கிறவரோடு கதைக்காமல் எந்தத் தோட்டத்தையும் விட்டு வராதீர்கள். அவர் கையில் வேலை இருக்கிறது, நேரத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. காசு நீட்டுவதைவிட, நாம் கொண்டு போன பணியாரத்தில் இரண்டைக் கொடுத்தால் சந்தோசமாக வாங்குவார்கள்.

ஆயா சின்ன வயதில் இந்தக் கேற்றைத் தாண்டினதில்லையாம். “தொரை பங்களா பக்கம் போனா கங்காணி வைவாரு” என்றா. அதைச் சொல்லும்போது அவ குரலில் கவலையும் இல்லை, கோபமும் இல்லை. அந்தக் கோபத்தை நான்தான் பட்டேன். அறைக்குள் வில்லியர்ஸின் குடும்பப் பெருமை தெரிகிறது. பர்மாவிலிருந்து வந்த மரத்தை மலை உச்சிக்குச் சுமந்தவர்கள், கருங்கல்லை உடைத்தவர்கள், பாத்தி கட்டினவர்கள் யார் என்று சொல்ல அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் ஒரு குடும்பமே கிடந்த காலத்தில் கட்டின வீடு இது. இந்த மலைகளில் இன்றைக்கும் லயன்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பாதையில் நீங்களே காண்பீர்கள். இதற்காகப் பங்களாவைப் பார்க்காமல் விடத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுங்கள், போதும்.

அது மடம் என்பதையும் பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவது, புல்லில் விரித்துச் சாப்பிடுவது, அரைக்காற்சட்டையோடு நிற்பது எல்லாம் அங்கே பொருந்தாது. சாப்பாட்டுப் பார்சலை ரவுணுக்குத் திரும்பி வந்து அவிழ்த்தோம்.

இளந்தாரிகளை வளவுக்குள் கட்டிப்போட முடியாது. அவர்களுக்குத் தங்கமலைக் காட்டுப் பாதை இருக்கிறது. அங்கிருந்து மலைமுதுகு வழியாக இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரைக்கும் நடக்கிறார்கள். எங்கள் பெடியன்கள் கொஞ்சத் தூரம் போய் அட்டைக் கடியோடு திரும்பினார்கள். சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போனவனுக்கு மட்டும் கடி குறைவு. நான் காட்டோரம் நின்று, காதோரம் மஞ்சள் வைத்த கொண்டைக்குருவி ஒன்றைப் பார்த்தேன். இலங்கை மலைநாட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் அது. காலையில் சத்தம் குறைவான நேரம் மரத்தடியில் பேசாமல் நின்றால் தானாக வரும்.

மடத்துக் கடையை எல்லாரும் கடைசிக்கு விடுகிறார்கள். கூட்ட நாளில் கடைசியில் போனால் நல்ல ஜாம் முடிந்துவிடும். ஸ்ட்ரோபெரி ஜாம்தான் பேர்போனது. எனக்குப் பிடித்தது கொய்யா ஜெலி. போத்தல்களைச் சாரத்தில் சுற்றி, சீற்றுக்குக் கீழே செருப்புகளுக்கு நடுவில் நெருக்கி வைத்தால் பசறை வளைவிலும் உடையாது. ரிக்கற் காசும் ஜாம் விலையும் அடிக்கடி மாறுகிறபடியால் இங்கே எழுதவில்லை.

காலநிலை பற்றி ஒரு கண்டிப்பு. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை இந்த மலைகளில் கடும் மழை பெய்யும், மண்சரிவும் வரும். 2014 ஒக்ரோபர் 29 இல் கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அப்புத்தளையிலிருந்து தூரமில்லாத இடம்தான். எச்சரிக்கை விட்டிருக்கும் நாட்களில் வேனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்றே என்று வெளிக்கிட வேண்டாம். நமக்கு வாய்ப்பான காலம் தை பிறந்த பிறகு சித்திரை வரைக்கும். சித்திரை விடுமுறையில் பங்களா திறந்திருக்கும், ஆனால் கொழும்புச் சனமும் அங்கேதான் நிற்கும்.

திரும்பி வரும்போது ஏ.எல். படிக்கிற அந்தப் பெட்டைதான் தொடங்கினாள்: நம்மட மட்டக்களப்புக் கோட்டைக்குள் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று. வேனில் பாதிக்கு மேல் கை உயர்ந்தது. கேட்டால், பென்சன் படிவம் கொடுக்க, காணி உறுதி பார்க்க, நிவாரணப் பதிவுக்குப் போனவர்கள். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதற்குள்தான் இருந்தது. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்து வருடத்துக்குள் 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் எடுத்த முதல் கோட்டை அதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. அதன் கொத்தளத்தில் ஏறி வாவியைப் பார்த்தவர் என்று கேட்டால் ஓடாவியார் ஒருவர்தான். அவரும் கச்சேரியில் யன்னல் திருத்தப் போனபோது ஏறினவராம்.

ஆகவே அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினோம். அடிஷத்தில் செய்தது போலவே, கதையை முதல்நாள் இரவு சொல்லி, காலை வெயில் ஏறும் முன் போய், ஓடாவியாரை முன்னுக்கு விட்டோம். அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்ததில் வெயில் ஏறிவிட்டது. கோட்டைக்குப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போங்கள்.

அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்தார் இந்தப் பாதையைப் பிடிக்கத் தேவையில்லை. சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய வழியாகப் பெரகலைக்கு ஏறினால் அப்புத்தளை பக்கத்தில். வழியில் கொஸ்லாந்தைக்குக் கிட்ட 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும். வெல்லவாயவைத் தாண்டினால் ஏற்றம் கடுமை. பழைய வேன் என்றால் எஞ்சின் சூடாகும், இடையில் நிற்பாட்டி ஆறவிட வேண்டி வரும். வேன் பேசும்போதே ட்ரைவர் இந்தப் பாதையில் முந்தி ஏறின ஆளா என்று கேட்டுவிடுங்கள்.